ஓடுகிற தண்ணீர் ஒரு குடம்

பொன்னுவேல் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்தவர்கள் ஏற்காட்டு மலையில் யாருமில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி, எந்த நிமிஷமும் எழுந்து ஓடப்போகிறவர் மாதிரிதான் இருப்பார். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார். "ஏனுங்க, உங்களுக்கு மட்டும் உக்கார்ற எடத்துல முள்ளு வெச்சுப் படைச்சுட்டானா சாமி?" என்று கண்ணம்மாள் கேட்பாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கேட்கிறாள். பதில் சொல்ல அவர் வாயெடுப்பார். அதற்குள் கால் வாசலைத் தாண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே இடத்தில் கிடக்கிற வேலை அமைந்தது பாருங்கள், அதுதான் வேடிக்கை. நாகலூருக்கு அந்தப் பக்கம் பாறைமேட்டு எஸ்டேட்டில் அவர் பம்ப் டிரைவர். நண்டோடை என்கிற ஓடை எஸ்டேட்டுக்குள் வருகிற இடத்தில் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர், சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் கையால் சுற்றிக் கிளப்புகிற பழைய டீசல் இன்ஜின். அது ஓடுகிறவரை இவர் ஓட முடியாது. அதனால் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அங்கே புல் முளைத்ததே இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவருடைய சொந்த ஊரான கீழ்க்கரடு அதே நண்டோடையின் கீழ்ப்பக்கத்தில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் ராகியும் விதைத்து, ஓடையில் குடித்து, ஓடையில் குளித்த ஊர். அந்த ஓடையை மேலே மறித்து எஸ்டேட்டுக்கு இறைக்கிறவர் அந்த ஊர்க்காரரே. "நம்ம ஓடைய வேத்தாளா குடிக்கறான்? நம்ம பொன்னுவேலுதானே குடிக்கறான்!" என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகவே சிரிக்கலாம். சுவரைத் தாண்டி ஊருக்கும் உலகத்துக்கும் ஆகிற தண்ணீர் போகும். தை, மாசியில்தான் வம்பு.

மாசியில் காப்பிச் செடி மொட்டு கட்டிக்கொண்டு ஒரு நல்ல மழைக்காகத் தவம் கிடக்கும். மழை பெய்தால் ஒரு வாரத்தில் மலை முழுக்க மல்லிகைப் பந்தல்தான். முன்பெல்லாம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எஸ்டேட்டுக்கு எஸ்டேட் குழாய் இழுத்து, ஸ்பிரிங்ளர் நட்டு, அவர்களே மழை பெய்துகொள்கிறார்கள். இந்தக் கள்ள மழைக்கு ஒரு கட்டளை உண்டு: தொடங்கினால் பாதியில் நிறுத்தக்கூடாது. அரைத் தண்ணீர் பட்ட மொட்டு பூக்கவும் பூக்காது, உறங்கவும் உறங்காது. ரோஸ் நிறத்தில் பிதுங்கி நின்று கருகிவிடும். அந்தச் செடியில் அந்த வருஷம் காய் கிடையாது. அதனால் மாசியில் இன்ஜின் பொழுதெல்லாம் ஓடும், சுவருக்குக் கீழே ஓடை வெறும் கல்லாகக் கிடக்கும்.

இந்தக் கூத்தில் டவுனும் வந்து சேர்ந்துகொண்டது. எஸ்டேட்டுக்குக் கீழே, கீழ்க்கரட்டுக்கு மேலே, ஓடை வளைகிற இடத்தில் போன மழைக்காலத்தில் ஒரு கிணறு வெட்டினார்கள். ஓடைக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி, வருகிற தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பி, மோட்டார் வைத்து ஏற்காட்டுக்குக் குழாய் போட்டார்கள். சீசனுக்குச் சீசன் லாட்ஜ் முளைக்கிற ஊர்; தண்ணீர் எத்தனை இருந்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனால் தை பிறந்ததும் ஓடை இளைத்தது; இருந்த தண்ணீரை எஸ்டேட் இன்ஜின் முந்தி இழுத்துக்கொண்டது. கிணறு காய்ந்தது. மோட்டார் ரூமுக்குப் பூட்டு விழுந்தது. போகிற வருகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பொன்னுவேலின் மூத்த மகள் முத்தாயி ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்தாள். வரும்போதெல்லாம் அவளுக்குக் குழாய்ப் புலம்பல்தான். "கொழாயத் தொறந்தாக் காத்துதானுங்கப்பா வருது. ஒரு கொடத்துக்கு அடிதடி."

"உங்க கெணத்த நான் தெனமும் பாக்கறேன் கண்ணு," என்று இவர் கண்ணடிப்பார். "ஒரு தவளைகூட இல்ல. தவளையே குடி மாறிப் போயிருச்சு."

அவளுக்குக் கோபம் கோபமாக வரும். அப்பனோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, அவர் நின்றால்தானே.

அந்த வருஷம் மாசியில் மகன் குழந்தைவேலுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பெண் குப்பாயி, சேர்வராயன் கோயிலுக்கு அந்தப் பக்கத்து ஊர். சாமியிடம் கேட்டு வைத்த நாள், மாற்ற முடியாது. கீழ்க்கரட்டில் கல்யாணமென்றால் தாலி ஏறினதோடு பெண் அந்த ஊட்டுக்காரி ஆகிவிடமாட்டாள். தாலி கட்டினதும் புதுக்குடத்தோடு ஓடைக்குப் போக வேண்டும். ஓடுகிற தண்ணீரில் ஒரு குடம் மொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு வாசல் நுழைய வேண்டும். நின்ற தண்ணீர் ஆகாது. குட்டை, கிணறு, தொட்டி எதுவும் ஆகாது. நின்ற தண்ணீரோடு நுழைந்தவள் காலும் அந்த ஊட்டில் நிற்காது என்பது ஊர்ப் பேச்சு. ஓடையே இல்லாத ஊரில் பிறந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். கீழ்க்கரட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். கண்ணம்மாள் அப்படித்தான் நுழைந்தாள், அவளுடைய மாமியாரும் அப்படித்தான்.

மற்ற வருஷம் அந்த நாளுக்குள் எஸ்டேட்டில் நனைத்து முடித்திருப்பார்கள். இந்த வருஷம் மொட்டு பிந்திவிட்டது. கல்யாண வாரமும் நனைக்கிற வாரமும் ஒன்றாக வந்து மோதிக்கொண்டன. பொன்னுவேலுக்குச் சோறு இறங்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கொட்டகைக்கும் ஓடைக்கும் நடந்தார். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு வந்தார். எஸ்டேட்டுக்கெல்லாம் இறைத்துக் கொடுத்த கை, தன் மருமகளுக்கு ஒரு குடம் விட முடியாதா?

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ரைட்டர் தேவசிகாமணியிடம் போய் நின்றார். எஸ்டேட்டில் ஆள் வைப்பதும் எடுப்பதும் ரைட்டர் கையில்.

"ஒரே ஒரு நாளைக்கு இன்ஜினை நிறுத்தோணுமுங்க. பையன் கல்யாணமுங்க."

"கல்யாணத்துக்கு லீவு கேளு, தர்றேன். சென்றாயன் இன்ஜினைப் பாத்துக்குவான்."

"லீவு வேண்டாமுங்க. தண்ணிதான் வேணும். ஓடை கீழ வரைக்கும் ஓடோணும்."

தேவசிகாமணி மோசமான ஆள் இல்லை. அவருக்கும் மேலே துரை இருந்தார். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா பொன்னுவேலு? அஞ்சாம் பிளாக் பாதி நனைஞ்சு கெடக்குது. இப்ப நிறுத்தினா மொட்டு என்ன ஆகும்னு நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா? போ, போய் டீசல் ஊத்து."

ஸ்பிரிங்ளர் குழாய்களைத் தோளில் வைத்து மாற்றி மாற்றி நடுகிற கிருஷ்ணம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய அப்பன் காலத்தில் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். கொட்டகைக்குத் திரும்புகிற வழியில் பொன்னுவேலைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு எங்க ஊட்டு அடுப்பை அணைக்கப் பாக்கறீங்களா? பூ போச்சுன்னா கார்த்திகையில நாங்க எதைப் பறிக்கறது? உங்களுக்குக் கீழ நெலம் இருக்குது. எங்களுக்கு இந்தச் செடிதான்."

அவள் சொன்னது நியாயம் என்று அவருக்குத் தெரியும். நியாயம் தெரிந்தவன் தப்புச் செய்யமாட்டான் என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் இன்ஜினை நிறுத்தினார். ஹேண்டிலைக் கழற்றினார். முழங்கை நீள இரும்பு. அது இல்லாமல் அந்த இன்ஜினை ஆண்டவனாலும் கிளப்ப முடியாது. பழைய வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சுவரில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, விளிம்பைத் தொட்டு, கண்ணாடி மாதிரி வழுக்கிக் கீழே விழுந்தது. காய்ந்த கல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கறுத்தன. "ஓடு ஓடு, என்ற சாமி," என்று அதை விரட்டினார். சின்னப் பிள்ளையாட்டம் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அதன் கூடவே ஓடைக்கரையோடு நடந்திருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் ரைட்டர் வருவதற்குள் கிளம்ப வேண்டும். வாழையிலை வாங்க வேண்டும். பந்தல்காரனைக் கேட்க வேண்டும். ரோட்டுக்கு ஏறி மஞ்சக்குட்டைக்குப் போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். பூட்டிக் கிடந்த டவுன் கிணறும் அதன் மணல் மூட்டையும் அவர் நினைப்பிலேயே இல்லை. சிரித்துச் சிரித்து மறந்துபோன கிணறு அது.

ஹேண்டிலைக் கல்யாண ஊட்டில் சாமை மூட்டைக்குப் பின்னால் திணித்தார். கண்ணம்மாள் பார்த்துவிட்டாள். "இதென்னங்க, சீர்வரிசையா?" என்றாள். "ஆமா," என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் ஓடைக்குப் போய்ப் பார்த்தார். கல்லும் மணலும்தான். மணல் முதலில் குடிக்கும், பிறகுதான் விடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பெண்ணழைப்பு வந்தது, போய்ப் பார்த்தார். மாலை மாற்றினார்கள், போய்ப் பார்த்தார். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பனைக் காணோம் என்று தேடி, ஓடைக்குள்ளிருந்து இழுத்து வந்தார்கள். கல்லைப் புரட்டிப் புரட்டி விரலெல்லாம் மண். அந்த விரலாலேயே அட்சதை போட்டார்.

பிறகு ஊரே ஓடைக்கரையில் நின்றது. குப்பாயி மஞ்சள் சேலையில், இடுப்பில் புதுப் பித்தளைக்குடத்தோடு நின்றாள். பாறை இடுக்கில் ஒரு பச்சைக் குட்டை தேங்கிக் கிடந்தது. அதில் மொள்ளச் சொல்லலாமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "நின்ன தண்ணி ஆகாது," என்றார் ஊர்க்கவுண்டர். ஊருக்குத் தலைவர் அவர்தான். வெயில் ஏறியது. குழந்தைவேல் அப்பனைப் பார்த்தான். பெண் ஊட்டுக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணி இல்லாத ஊருக்கா பொண்ணைக் கொடுத்தோம் என்று அந்தப் பார்வை கேட்டது. பொன்னுவேல் ஓடையின் மேல்பக்கத்தைப் பார்த்தார். சுவரைத் தாண்டி விழுந்ததைக் கண்ணால் பார்த்தாரே! அத்தனை தண்ணீர் எங்கே போயிருக்கும்?

அப்போதுதான் மேட்டில் ஜீப் வந்து நின்றது. முத்தாயி இறங்கினாள். கூடவே ரெண்டு பிளாஸ்டிக் குடங்கள் இறங்கின, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, வாயில் துணி கட்டி, ததும்பத் ததும்ப. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அப்பா! எங்க தெருக் கொழாயில நேத்துச் சாயங்காலத்துலருந்து தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்துதுங்க! தெருவே தேர்த்திருவிழாவா ஆயிப்போச்சு. இங்க சமையலுக்குத் தண்ணி பத்தாதுன்னு அம்மா சொல்லியனுப்பிச்சுது. ஜீப்புக்காரனைக் கெஞ்சி ரெண்டு கொடம் ஏத்திட்டு வந்தேன்."

"எந்தக் கொழாய் கண்ணு?"

"எந்தக் கொழாயா? உங்க ஓடைக் கெணத்துக் கொழாய்தானுங்க. தவளைகூட இல்லைன்னு நக்கலடிச்சீங்களே, இப்ப வந்து பாருங்க! கெணறு ரொம்பிப்போச்சுன்னு நேத்தே மோட்டாரைப் போட்டுட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அப்பனை ஜெயித்த சிரிப்பு.

பொன்னுவேல் அந்த மணல் மூட்டைகளை அப்போதுதான் நினைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக, ஓடைக்குக் குறுக்கே. வேலையையும் விட்டு, பூவையும் கொன்று, இவர் இறக்கிவிட்ட தண்ணீர் மூட்டையில் முட்டி, கிணற்றில் விழுந்து, மலையேறி, மகளுடைய குழாயில் கொட்டியிருக்கிறது. யாரைத் திட்டுவது? அவள் சிரிக்கிறாள். ரெண்டு மாசமாக ஒரு குடத்துக்கு அடிதடி போட்ட பிள்ளை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே எட்டியதும் தன் பிள்ளையின் வாய்க்குத்தான். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதே நேரம் இன்னொரு ஜீப். நேற்றிலிருந்து வேறு ஹேண்டிலுக்காக அலைந்து கிடைக்காமல் ரைட்டர் தேவசிகாமணி வந்து இறங்கினார், பின்னாலேயே கிருஷ்ணம்மாள். "எங்கடா ஹேண்டில்?" என்று கத்திக்கொண்டே வந்தவர், வறண்ட ஓடையையும் வெறுங்குடத்தோடு நிற்கிற பெண்ணையும் பார்த்துச் சட்டென்று நின்றார். முத்தாயி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. மெல்லச் சொன்னார்: "உன் ஓடைய டவுன்காரன் குடிச்சான். என் பூவை நீ குடிச்சுட்டே. நல்லா இருப்பா."

கிருஷ்ணம்மாள் அந்த வெறுங்குடத்தையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

பொன்னுவேல் ஊர்க்கவுண்டரிடம் திரும்பினார். "ஏனுங்க, இந்தப் பொண்ணு கொண்டாந்திருக்கறது நம்ம ஓடைத் தண்ணிங்க. டவுனுக்குப் போயிட்டு ஜீப்புல திரும்பி வந்திருக்குது." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவவில்லை.

"ஓடைத் தண்ணியாவே இருக்கட்டும்," என்றார் கவுண்டர். "கொடத்துக்குள்ள நிக்குதே."

அதுவரை வாய் திறக்காத குப்பாயி பேசினாள். நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்திருக்கும். "மேலருந்து ஊத்தச் சொல்லுங்க மாமா. ஓடி வர்றதை நான் புடிச்சுக்கறேன்."

கவுண்டர் யோசித்தார். "ஓடைக்குள்ள ஓடுச்சுன்னா ஓடற தண்ணிதான்," என்றார்.

முத்தாயி பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேல் பாறையில் ஏறினாள். குப்பாயி கீழே குந்திக் குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள். தண்ணீர் விழுந்தது, நாலு முழம் ஓடியது, மணலைத் தொட்டது. அவ்வளவுதான். எத்தனை நாள் தாகமோ, ஒரு குடத்தையும் மணல் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டது. குப்பாயியின் குடத்தில் ஒரு சொட்டு இல்லை. மீதி சிவப்புக் குடம் ஒன்றுதான்.

பொன்னுவேல் ஓடைக்குள் இறங்கினார். மணல் கிடந்த இடத்தில் புது வேட்டியோடு மண்டியிட்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். மேலே பாறை விளிம்பு, கீழே மருமகள் குடம், நடுவில் அவர் கை. "ஊத்து கண்ணு. மெல்ல, மெல்ல."

தண்ணீர் பாறையில் ஓடி, அவர் முழங்கையில் விழுந்து, உள்ளங்கை வழியாகக் குடத்துக்குள் இறங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தது. அந்த மனுஷன் அசையவில்லை. கண்ணம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவப்புக் குடம் காலியானபோது பித்தளைக்குடம் முக்கால் நிறைந்திருந்தது. "போதும்," என்றார் கவுண்டர். குப்பாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஊட்டுக்கு நடந்தாள்.

பொன்னுவேல் சாமை மூட்டைக்குப் பின்னாலிருந்து ஹேண்டிலை எடுத்து வந்து ரைட்டர் கையில் கொடுத்தார். "இனிமே கொட்டகைப் பக்கம் வராதே," என்றார் ரைட்டர். "சரிங்க," என்றார் இவர். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கண்ணம்மாள் கெஞ்சினாள். பிளாக் காய்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் ஏறிவிட்டார்கள். அந்த வருஷம் அஞ்சாம் பிளாக்கில் பாதிச் செடி ரோஸ் நிறத்தில் கருகித்தான் போனது. கிருஷ்ணம்மாள் அவரை ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவரும் வணக்கம் சொல்லாமல் விட்டதில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் பந்தி நடந்தபோது பொன்னுவேல் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார். கண்ணம்மாள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. புதுப்பெண் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். மேலே, தூரத்தில், காப்பிக் காட்டுக்குள்ளிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம் கிளம்பி மலையில் மோதித் திரும்பியது. பந்தியில் எல்லோரும் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார்கள். அது என்னவென்று குப்பாயிக்கு மட்டும்தான் தெரியாது.

"அதென்னங்க மாமா, சத்தம்?"

"அதுவா?" என்றார் பொன்னுவேல், இலையைப் பார்த்துக்கொண்டே. "அதுதான் கண்ணு, நம்ம ஓடை."